முடிச்சில்லாத சட்டை

அத்தியாயம் பதினாறு

போன வாரம் சந்திரவதனாவை மல்வேர்ன் வீட்டில், அயன் மேசைக்கு முன்னால் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, செய்யவேண்டியதைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தியோடு விளக்கை அணைத்தாள். அவள் வாழ்க்கையில் வந்த வில்லங்கங்களில் பாதி இந்தத் திருப்திக்குப் பின்னால்தான் வந்திருக்கின்றன.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. அவளுடைய ஒரே மகள் மயூரி, உக்ரேனிய வம்சத்து ஒஸ்டாப்பைக் கல்யாணம் செய்து நான்கு வருடமாகிறது. இருவரும் விட்பியில் புது வீடு வாங்கி இருக்கிறார்கள். மயூரிக்கு இப்போது ஐந்து மாதம். மின்கம்பி வேலை செய்யும் ஒஸ்டாப் திங்கட்கிழமை கல்கரிக்கு மூன்று மாத வேலையாகப் போகிறான்.

ஒஸ்டாப்பின் தாய் ஒரீஸியா, நகரத்தின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஓர் உக்ரேனியப் பெண்கள் சங்கத்தின் தலைவி. வயதானவர்கள் கண்ணை மூடியதும் பிள்ளைகள் குப்பையில் எறியப் பார்க்கிற பூவேலைச் சட்டைகளையும் மேசை விரிப்புகளையும் இந்தச் சங்கத்துப் பெண்கள் வாங்கி வருவார்கள். எந்த ஊர், யார் தைத்தது என்று கேட்டு எழுதி, உள்பக்கம் ஒரு நாடாவில் இலக்கம் தைத்து, மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்குவார்கள். பன்னிரண்டு பேர் செய்யும் அந்த வேலையில் பதின்மூன்றாவது ஆளாக, சம்பந்தி என்ற உரிமையில் சந்திரவதனா சேர்ந்து இரண்டு வருடமாகிறது.

சேர்ந்த புதிதில் நூறு வருடத்துப் பழைய சட்டை ஒன்றில் மஞ்சள் விரல் அடையாளம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. காலையில் மீன்குழம்பு வைத்துவிட்டு வந்தவள் யார் என்று விசாரிக்கத் தேவையே இருக்கவில்லை. ஒரீஸியா இரண்டு பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். அன்றிலிருந்து சந்திரவதனாவுக்கு மட்டும் வெள்ளைக் கையுறை. ஆனால் அவளுடைய ஊசியைக் குறை சொல்ல அங்கே ஆள் இல்லை. கன்னியாஸ்திரிகளிடம் பிரம்படி வாங்கிப் படித்த தையல் அது.

சங்க மண்டபத்து அயன் பழுதாகிவிட்டதால், சங்கத்தின் கண்காட்சிக்கான நீலப் பெட்டியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். அதன் அடியில், சாம்பல் நிறத் துணியில் சுற்றிய ஒரு பொதி. உள்ளே புத்தம்புதிய ஆண் சட்டை ஒன்று. இலக்கம் இல்லை. கழுத்து பதினெட்டு அங்குலம், கை இரண்டும் சாதாரண அளவைவிட நீளம். பொங்கலுக்குக் கடைகடையாக ஏறி மருமகனுக்குச் சட்டை கிடைக்காமல் திரும்பியவளுக்கு அந்த அளவு மனப்பாடம். அடுத்த மாதம் ஒஸ்டாப்பின் பிறந்தநாள். சம்பந்தியம்மா இரகசியமாகத் தைத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். கூடவே ஒரு மெழுகுதிரியும், ஒரு முழ நீளத்தில் வெள்ளைத் துணித் துண்டு ஒன்றும் இருந்தன.

சட்டையைப் புரட்டியபோதுதான் மனம் கேட்கவில்லை. நூல் முனைகள் ஒன்றிலும் முடிச்சு இல்லை. பதினொரு இடத்தில் நூல் சும்மா விடப்பட்டிருந்தது. பாவம், ஒரீஸியாவுக்குக் கண் மங்குகிறது போல என்று நினைத்து, பதினொன்றையும் உட்கார்ந்து முடிந்தாள். பிறகு எந்தப் புது உடுப்புக்கும் செய்வதுபோல, கீழ்நுனியின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்தாள். கையுறை வீட்டில் இல்லைத்தானே.

அந்தத் திருப்தியோடுதான் இந்தச் சனிக்கிழமை காலை பஸ்ஸும் சப்வேயும் மாறி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வழமையாகப் படியிலேயே பேச்சுச் சத்தம் கேட்கும். இன்றைக்குக் கேட்கவில்லை. நீள மேசையைச் சுற்றி ஏழு பேர் குனிந்து இலக்கம் தைத்துக்கொண்டிருந்தார்கள். சந்திரவதனாவைப் பார்த்ததும் டார்க்கா மட்டும் தலையசைத்தாள். போன மாதம் உக்ரேன் போர்முனையில் டார்க்காவின் அக்கா மகனைப் புதைத்திருந்தார்கள். சொந்தச் சட்டை எதுவும் மிஞ்சவில்லை, யாரோ கொடுத்த சட்டையில் புதைத்தார்கள் என்று அவள் சொல்லி அழுதது எல்லாருக்கும் தெரியும்.

ஒரீஸியா கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு கிழமையாக அவள் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. அதுவே சந்திரவதனாவுக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது.

இருவரும் பேசுவது ஆங்கிலம். ஒரீஸியாவுடையது இங்கேயே பிறந்து வளர்ந்தது. சந்திரவதனாவுடையது விமான நிலையச் சமையலறையில் கற்றது. இரண்டையும் நமது பாஷையில் தருகிறேன்.

"பெட்டி முழுவதையும் அயன் பண்ணினீர்களா?"

"ஓம். அடியிலை கிடந்ததையும் செய்தனான்."

ஒரீஸியாவின் முகம் மாறியது. "அடியில் என்ன கிடந்தது?"

சந்திரவதனா சிரித்தாள். "ஒளிக்கவேண்டாம். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். வடிவான சட்டை. ஒஸ்டாப் தம்பிக்குத்தானே?"

ஒரீஸியா சாம்பல் துணியைப் பிரித்தாள். சட்டையின் விளிம்போடு விரலை ஓட்டிக்கொண்டு போனாள். விரல் ஓரிடத்தில் நின்றது. துணியைப் புரட்டிப் பார்த்தாள். அடுத்த தையலுக்குப் போனாள். அங்கேயும் நின்றது.

"யார் இதை முடிந்தது?"

"நான்தான். பதினொரு இடத்திலை நூல் அப்பிடியே கிடந்தது. ஒருக்காத் தோய்ச்சால் எல்லாம் கழண்டு போகும்."

மேசையில் ஊசிகள் நின்றன. டார்க்கா எட்டிப் பார்த்தாள், நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள், பிறகு மற்றவர்களிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். ஏழு பேரும் எழுந்து தேநீர் போடுவதற்காகக் குசினிக்குள் போனார்கள். ஒரு கேத்தில் கொதிக்க வைக்க ஏழு பேர் தேவையில்லை என்பது சந்திரவதனாவுக்குத் தெரியும்.

ஏதோ பிழை விட்டுவிட்டாள். என்ன பிழை என்று தெரியாதபோது அவள் எப்போதும் செய்வதையே இப்போதும் செய்தாள்: இன்னும் கொஞ்சம் உதவி செய்யப் பார்த்தாள்.

"இந்தத் துண்டுக்கும் ஓரம் மடிச்சுத் தைக்கேல்லை. அதையும் செய்து தரட்டோ?"

"வேண்டாம்."

"இது எதுக்கு?"

ஒரீஸியா தன் இரண்டு கைகளையும் மார்பின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மணிக்கட்டில் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையாக இருக்கவில்லை. கைப்பெருவிரல் இரண்டையும், கால்பெருவிரல் இரண்டையும் வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டுவதைச் சந்திரவதனா எத்தனை செத்தவீட்டில் பார்த்திருக்கிறாள். தகப்பனுக்குத் துணி கிழித்துக் கொடுத்ததே அவள்தான்.

"உங்களுக்கோ?" என்று கேட்டாள். கேட்கும்போதே அது இல்லை என்று தெரிந்தது. ஒரீஸியா ஐந்தடி உயரம். அந்தச் சட்டைக்குள் அவளைப்போல் இரண்டு பேர் நிற்கலாம்.

ஒரீஸியா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "எங்கள் ஆட்கள் சாவுக்கென்று உடுப்புத் தைத்து வைப்பார்கள். முடிச்சுப் போடக்கூடாது. ஊசியை நம்மை நோக்கி இழுக்கக்கூடாது, வெளியேதான் ஓட்டவேண்டும். முடிச்சு இருந்தால் போகிறவர் போக முடியாமல் சிக்கிக்கொண்டு நிற்பார்."

"ஒஸ்டாப் எங்கை போறார்?"

"திங்கட்கிழமை அவன் கல்கரிக்குப் போகவில்லை."

குசினியில் கேத்தில் சத்தமிட்டு ஓய்ந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை.

"உக்ரேனுக்கோ? சண்டைக்கோ?"

"கம்பி கட்ட. அவர்கள் மின்சாரத்தை அடித்து விழுத்துகிறார்கள், இவர்கள் போய்க் கட்டுகிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்பவும் அடிக்கிறார்கள்." ஒரீஸியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. "இது அவன் கேட்டது இல்லை. டார்க்காவின் அக்கா மகனைக் கண்டவன் சட்டையில் புதைத்தார்கள் என்றதும் நான் தைத்தேன். அவன் கொண்டுபோகும் பையின் அடியில் கிடக்கட்டும். தைத்து வைத்தால் தேவைப்படாது என்று எனக்கு ஒரு நினைப்பு."

"மயூரிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அங்கே போய் இறங்கியதும் போன் பண்ணிச் சொல்வான். அதுவரை நீங்களும் சொல்லக்கூடாது. அவளுக்கு இந்த நேரத்தில் அதிர்ச்சி கூடாது."

"திங்கட்கிழமை வந்தால் அதிர்ச்சி இல்லையோ?"

ஒரீஸியா சட்டையை அவள் பக்கமாகத் தள்ளினாள். "கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். நான் இனித் தொட முடியாது. பதினொன்றையும் அவிழ்த்துவிட்டு நாளைக்கு அவனிடம் கொடுங்கள்."

"அவிழ்க்காட்டில்?"

"சொன்னேனே. சிக்கிக்கொண்டு நிற்பான்."

"நிக்கட்டும்," என்றாள் சந்திரவதனா.

ஒரீஸியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்தாளா, நன்றியாகப் பார்த்தாளா என்று சந்திரவதனாவுக்குப் பிடிபடவில்லை. பிறகு சட்டை நுனியைக் காட்டி, "இது கறையா?" என்று கேட்டாள்.

"கறை இல்லை. மஞ்சள். புது உடுப்புப் போடுறவர் நல்லா இருக்கவேணும் எண்டு வைக்கிறது."

ஒரு விரல் அடையாளத்துக்கு இரண்டு பக்கம் எழுதியவள் அன்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. மஞ்சள் நுனி உள்ளே வரும்படியாகச் சட்டையை மடித்து, துண்டையும் மெழுகுதிரியையும் நடுவில் வைத்து, சாம்பல் துணியால் சுற்றினாள். பொதியைச் சந்திரவதனாவின் பைக்குள் வைத்தாள்.

*

இரண்டு மணிக்கு ஒஸ்டாப் ட்ரக்கோடு வந்து நின்றான். சனிக்கிழமைச் சாப்பாடு விட்பியில், எல்லாரும் சேர்ந்து. அது கல்யாணமான நாளிலிருந்து உள்ள வழக்கம். இன்றைக்கு ஒரீஸியா தலையிடி என்று சொல்லி வர மறுத்துவிட்டாள்.

"மாமி, சாப்பிட்டாச்சா?" அவனுக்குத் தெரிந்த தமிழில் முதல் வசனம் அது. நாளின் எந்த நேரத்திலும் அதைத்தான் கேட்பான்.

"இல்லைத் தம்பி, உங்களோடைதான்."

ட்ரக் 401 நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே திரும்பியது. மார்ச் மாதத்து அழுக்குப் பனி கரையோரத்தில் கருகிக் கிடந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்ன குறைகிறது என்று சந்திரவதனாவுக்கு விளங்கியது. பின்னால் அவனுடைய வேலைக் கருவிப்பெட்டிகள் கடகடக்கவில்லை. நான்கு வருடமாக அந்தச் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் இவர்கள் பேசியிருக்கிறார்கள். பெட்டிகள் எல்லாம் எங்கேயோ அனுப்பியாகிவிட்டது.

அவனுடைய கழுத்தைப் பார்த்தாள். பதினெட்டு அங்குலம். சின்ன வயதில் முகம் கழுவும்போது மயூரி தவறவிட்ட சவர்க்கார நுரைபோல, காதுக்குப் பின்னால் ஏதோ வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது. பிள்ளைக்கென்று அறைக்குப் பெயின்ற் அடித்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கல்கரி குளிரோ, தம்பி?"

"இங்கே மாதிரித்தான்." அவன் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தான். பிறகு அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தான். சாம்பல் துணியின் நுனி வெளியே தெரிந்தது. "அம்மா சொல்லிவிட்டாவா?"

"ஓம்."

"மூன்று மாதம்தான். பிள்ளை பிறக்க முதல் வந்துவிடுவேன்."

"ஏன் அவளுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னால் போக முடியாது, மாமி."

சந்திரவதனா பையை இறுக்கிப் பிடித்தாள். இதே வசனத்தை அவள் முன்னொருமுறை கேட்டிருக்கிறாள். எண்பத்தாறாம் ஆண்டு, ஊரில் கிணற்றடியில், இயக்கத்துக்குச் சண்டை பிடிக்கப் போகுமுன் தம்பி றூபன் சொன்னது. "அம்மாட்டைச் சொன்னால் நான் போகமாட்டன் அக்கா. விடிஞ்சாப்பிறகு சொல்லு." அவனுக்குப் பத்தொன்பது வயது. அவள் சொல்லவில்லை. விடிந்த பிறகும் சொல்லவில்லை. அவனைப் பற்றி ஒரு கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. உடம்பும் வரவில்லை. தாய் சாகும்வரை ஒரே ஒரு கேள்வியைத்தான் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: உனக்கு முதலே தெரியுமே பிள்ளை? தெரியாது அம்மா என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னாள். கடைசி முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். இந்த விஷயம் கணவன் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக்கூடத் தெரியாது.

"மாமி, திங்கட்கிழமைவரை. ப்ளீஸ்."

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது ஆம்பிளைகளின் வழக்கம். அவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். தோள் தளர்ந்து, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடத் தொடங்கினான்.

*

மயூரி வாசலிலேயே நின்றாள். கட்டிப்பிடித்து முடியுமுன்னரே தாயின் பைக்குள் கை போய்விட்டது.

"மாங்காய் ஊறுகாய் கொண்டந்தனீங்களோ? காலமையிலேயிருந்து அதை நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."

"பொறு பிள்ளை, நான் எடுத்துத் தாறன்."

"நீங்கள் எடுக்கிறதுக்கிடையிலை இவன் பிறந்திடுவான்."

ஊறுகாய்ப் போத்தல் பையின் அடியில் இருந்தது. அதற்கு மேலே இருந்தது சாம்பல் பொதி. சந்திரவதனா சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் மயூரி அதைச் சோபாவில் வைத்து விரித்துவிட்டாள்.

"ஐயோ அம்மா, இது மாமி தைச்சதா? So beautiful." வெள்ளையில் வெள்ளை நூலால் பூவேலை. மார்பு முழுவதும் சின்னச் சின்ன இலைகள். மயூரி நுனியைப் புரட்டினாள், மஞ்சளைக் கண்டாள், சிரித்தாள். "மஞ்சள் வேறை வைச்சிருக்கிறீங்கள். அப்ப பர்த்டேக்குத்தான். ரெண்டு மாமிமாரும் சேர்ந்து ப்ளான் பண்ணி இருக்கினம்."

அவள் சட்டையை ஒஸ்டாப்பின் தோளில் வைத்து அளவு பார்த்தாள். அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"பிறகு போடுறேன்," என்றான் ஆங்கிலத்தில்.

"இப்ப போடுங்கோ. திங்கட்கிழமை போனால் நான் எப்ப பார்க்கிறது? அம்மா, சொல்லுங்கோ அவருக்கு."

சந்திரவதனாவுக்கு மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் மூன்று பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒஸ்டாப் ஸ்வெட்டரைக் கழற்றினான். கையை நுழைத்தான். கழுத்து, தோள், கை நீளம், எல்லாம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. அளவெடுத்துத்தான் தைத்திருந்தது.

பதினொரு முடிச்சும் உள்ளே அவன் உடம்பில் உரசிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அவற்றை அவிழ்க்காமல் விட்டதை நினைக்க அந்த ஒரு நிமிடம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதற்கு மேல் அந்த ஆறுதல் நீடிக்கவில்லை.

"இங்கை பாருங்கோ, இன்னும் ஒண்டு கிடக்கு," என்றாள் மயூரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கீழே விழுந்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்தாள். "பெல்ட்டோ? பெல்ட்டுக்குச் சின்னன். கைக்குப் போல." ஒஸ்டாப்பின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, விளையாட்டாக மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். "நல்லது, கட்டி வைச்சால் கல்கரிக்குப் போகமாட்டார்."

"அதைக் கழட்டு பிள்ளை."

குரல் வந்த விதத்தில் மயூரி திரும்பினாள். சந்திரவதனா ஏற்கெனவே பக்கத்தில் வந்து, அந்தத் துண்டைச் சுற்றுப் பிரித்துத் தன் உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா உங்கடை கை இப்பிடி நடுங்குது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லையெண்டா ஏன் அழுறீங்கள்?" மயூரி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெழுகுதிரியைப் பார்த்தாள். சிரிப்பு முகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, இந்தத் துண்டு எதுக்கு? உங்களுக்குத் தெரியுந்தானே?"

மயூரியின் தலைக்கு மேலால் ஒஸ்டாப் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை மெல்ல ஆட்டினான். அந்த வெள்ளைச் சட்டையில் அவன் சின்னப் பெடியன்போல் இருந்தான், பத்தொன்பது வயதுப் பெடியன்போல.

"ஓம் பிள்ளை," என்றாள் சந்திரவதனா. "எனக்குத் தெரியும்."

நாற்பது வருடத்துக்கு முந்தி சொல்லியிருக்க வேண்டிய சொல், இப்போது வெளியே வந்துவிட்டது. துண்டை விரித்து மருமகனின் கையில் வைத்தாள்.

"எதுக்கெண்டு நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ, தம்பி."

அந்த அளவு தமிழ் ஒஸ்டாப்புக்குத் தெரியும்.